நிலம் கேள், நான் சொல்கிறேன்: ஏரிக்குள் நிற்கும் வீடு

(பதில்கள்: ஓய்வுபெற்ற சர்வேயர். டென்மார்க்கின் ஏகெஸ்கோவ் மாளிகை பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களிலிருந்து.)

படத்தில் அந்த மாளிகை தண்ணீருக்குள்ளேயே நிற்கிறதே, கரையில் இடமே கிடைக்கவில்லையா? (ஒரு வாசகி, காரைக்குடி)

இடம் தாராளமாகக் கிடைத்தது. பயம்தான் அதை ஏரிக்குள் இறக்கியது. 1534 முதல் 1536 வரை டென்மார்க்கில் உள்நாட்டுப் போர். யார் அரசர் என்று தொடங்கிய சண்டை, குடியானவர்கள் பிரபுக்களின் வீடுகளைத் தேடிப் போய்க் கொளுத்துவதில் போய் நின்றது. கலகம் அடங்கியது, பிரபுக்களின் கலக்கம் அடங்கவில்லை. ஃப்ரான்ஸ் ப்ரோக்கன்ஹூஸ் என்ற பிரபு ஃப்யூன் தீவில் இந்த வீட்டைக் கட்டி முடித்தது 1554ல். ஏரியின் சேற்றில் ஓக் மரங்களை நட்டு, அதன்மேல் செங்கல் வைத்துக் கட்டினார். அதற்காக ஒரு காடே காலியானது என்று ஊரில் சொல்வார்கள்.

வெளியிலிருந்து ஒரே வீடாகத் தெரியும். உண்மையில் இரண்டு நீள வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் உள்ள தடித்த சுவருக்குள்ளேயே ரகசியப் படிக்கட்டு, அதற்குள்ளேயே ஒரு கிணறு! எதிரி ஒரு பாதியைப் பிடித்துவிட்டால் மறுபாதிக்குப் போய்ச் சண்டையைத் தொடரலாம், தாகத்துக்கு வெளியே போக வேண்டாம். மேலே சுடுவதற்குத் துளைகள், கீழே நிற்பவன் தலையில் கொதிநீர் ஊற்றவும் துளைகள். எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். நான் அந்தச் சுவரைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படிக் கட்டியவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெற்ற மகளையே அங்கே சிறை வைத்த கதை உண்மையா? என் பேத்தி நம்ப மறுக்கிறாள். (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

உண்மைதான், ஐயா. அந்தப் பெண்ணின் பெயர் ரிக்போர்க். வீட்டைக் கட்டிய ஃப்ரான்ஸின் பேத்தி. அரசவையில் பணிப்பெண்ணாக இருந்தவள், ஃப்ரெடரிக் ரோசன்க்ரான்ஸ் என்ற இளம் பிரபுவைக் காதலித்தாள். திருமணம் ஆகாமல் 1599ல் ஒரு மகன் பிறந்தான். அப்பா லௌரிட்ஸ் அவளை ஏகெஸ்கோவில் ஓர் அறையில் அடைத்துவிட்டார். அரசர் நான்காம் கிறிஸ்டியனின் சம்மதமும் அதற்கு இருந்தது. கதவைச் செங்கல் வைத்து அடைத்து, சாப்பாடு கொடுக்க மட்டும் ஒரு துளை விட்டார்கள் என்பது செவிவழிச் செய்தி. ஐந்து வருடம் அடைபட்டிருந்தாள் என்பது வரலாறு.

காதலனுக்கு முதலில் விதித்த தண்டனை இரண்டு விரல்களும் பிரபுப் பட்டமும் போக வேண்டும் என்பது. பிறகு அதை மாற்றி, துருக்கியரோடு சண்டை போட ஹங்கேரிக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ இருவர் வாள் சண்டை போட, இவர் விலக்கிவிடப் போய் 1602ல் உயிரை விட்டார். 1604ல் அப்பா செத்த பிறகுதான் மகள் வெளியே வந்தாள். 1641 வரை இருந்தாள். பேத்தியிடம் இந்தக் கடைசி வருடத்தை மறக்காமல் சொல்லுங்கள். அப்பா போன பிறகு முப்பத்தேழு வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

ராஜா ராணி கதை போதும் சார். அந்த நிலத்தை உழுதது யார்? (ஒரு விவசாயி, மன்னார்குடி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எந்த மாளிகைக்குப் போனாலும் கூரையை அண்ணாந்து பார்க்காமல் பத்திரத்தைக் கேட்பது என் தொழில் புத்தி.

மாளிகையைச் சுற்றிப் பிரபுவின் சொந்தப் பண்ணை. அதற்கு அப்பால் கிராமங்களில் குடியானவர்கள் ஆயுள் குத்தகைக்குப் பயிரிட்டார்கள். குத்தகைக்கு நுழையும்போதே ஒரு தொகை கட்ட வேண்டும். பிறகு வருடாவருடம் தானியம், வெண்ணெய், வாத்து என்று அளக்க வேண்டும். அதற்கும் மேலே, தன் குதிரையோடும் கலப்பையோடும் போய்ப் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழ வேண்டும். அதுவும் அறுவடை நாளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். தன் பயிர் வயலில் நனையும், ஐயாவின் பயிர் களம் சேரும்.

1681ல் தொடங்கி நாடு முழுவதையும் அளந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அளவை முடிந்துவிட்டது. சங்கிலி இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அசுர வேகம். 1688ல் பதிவேடு வந்தது. பரப்பை மட்டும் எழுதாமல் மண்ணின் தரம் பார்த்து, எத்தனை பீப்பாய் தானியம் தாங்கும் நிலம் என்று கணக்கு வைத்தார்கள். மணல் காடு எவ்வளவு பரந்து கிடந்தாலும் பீப்பாய் குறைவு. கையளவு நல்ல கரிசலுக்குத் தீர்வை அதிகம். நியாயமான முறை என்றுதான் சொல்வேன். அநியாயம் வேறு இடத்தில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் 200 பீப்பாய் மதிப்புள்ள குத்தகை நிலம் ஒரு பிரபுவிடம் இருந்தால், அவருடைய சொந்தப் பண்ணைக்கு வரி கிடையாது! குடியானவனிடம் வரி வசூலித்து அரசுக்குக் கட்டுவதும் அவரே, பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவரே. நம்மூரில் கிராம நிர்வாக அதிகாரியும் தாசில்தாரும் நில முதலாளியும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியிருக்கும்? அப்படி.

1733ல் இன்னொரு விலங்கு. 14 முதல் 36 வயதுவரை உள்ள ஆண்கள், பிறந்த பண்ணையை விட்டு பிரபுவின் அனுமதியில்லாமல் வெளியேறக் கூடாது. பட்டாளத்துக்கு ஆள் வேண்டும் என்பது சொன்ன காரணம். தானிய விலை விழுந்து கிடந்த காலம், ஆட்கள் ஓடிவிடக் கூடாது என்பது சொல்லாத காரணம். 1764ல் அந்த வயது வரம்பை 4 முதல் 40 என்று ஆக்கினார்கள். நான்கு வயதுக் குழந்தை எங்கே ஓடிப்போகும்? முரண்டு பிடிப்பவர்களுக்கு மரக்குதிரை இருந்தது. கூரான விளிம்புள்ள பலகையின் மேல் ஆளை உட்கார வைத்து, காலில் கனம் கட்டித் தொங்கவிடுவார்கள்.

ஆட்களைப் பண்ணையில் கட்டிவைத்த இந்தச் சட்டத்தை 1788ல் நீக்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், நீக்கியவர்களும் பிரபுக்களே. கிறிஸ்டியன் டிட்லெவ் ரெவென்ட்லோ அதில் முன்னணி. அவருடைய தம்பி யோஹன் லுட்விக், ஏகெஸ்கோவ் இருக்கும் அதே தெற்கு ஃப்யூனில் ப்ராஹெட்ரோலெபோர்க் பண்ணையை வைத்திருந்தார். இனாம் உழவை அங்கே ஒழித்து, பள்ளிக்கூடங்களும் கட்டினார். அந்தப் பண்ணையின் தாய்ப்பத்திரம் சுவையானது. 1172ல் துறவிகளின் மடம். 1536ல் நாடு லூத்தர் சமயத்துக்கு மாறியதும் அரசர் கைக்கு வந்து, பிறகு பிரபுக்களிடம் போனது.

விடுதலையில் ஓட்டை இல்லாமல் இல்லை. குத்தகைக்காரர்கள் மெல்ல மெல்லத் தங்கள் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். குடிசையும் கையகல நிலமும் மட்டும் வைத்திருந்தவர்கள்தான் அதற்குப் பின்னும் பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த விடுதலையின் நினைவாகக் கோபன்ஹேகனில் நிற்கும் தூணைப் பார்த்தால் இவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் தரங்கம்பாடிப் பணத்தில்தான் அந்த மாளிகைகளைக் கட்டினார்களா? (ஒரு கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

ஏகெஸ்கோவை இல்லை; அது தரங்கம்பாடிக்கு அறுபது வருடத்துக்கும் மேல் மூத்தது. ஆனால் ரிக்போர்க்கை அடைக்கச் சம்மதித்த அதே நான்காம் கிறிஸ்டியன்தான் 1618ல் ஓவே கெட்டெ என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தமாகி, தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கைக்கு வந்தது. நாயக்கர் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது.

காலனிப் பணம் நேராகப் பாய்ந்த பண்ணை வேண்டுமென்றால் டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தில் உள்ள லிண்டன்போர்கைப் பாருங்கள். 1762ல் அதை வாங்கிய ஹைன்ரிக் கார்ல் ஷிம்மல்மானுக்குக் கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களும் ஏறத்தாழ ஆயிரம் அடிமைகளும் இருந்தார்கள். 1792ல் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் ஆணைக்குப் பின்னால் இருந்தவர் யார் தெரியுமா? அவருடைய மகன் எர்ன்ஸ்ட். தடை அமலுக்கு வந்தது 1803ல். அடிமை முறையே ஒழிந்தது 1848ல்.

இன்றும் பிரபுக்கள் அங்கே குடியிருக்கிறார்களா? (ஒரு வாசகர், மதுரை)

இருக்கிறார்கள். ஏகெஸ்கோவ் 1784ல் ஹென்ரிக் பில்லெ என்பவர் கைக்கு வந்தது. இன்றுவரை அந்த வம்சாவளிதான். ஆனால் பழைய வசதி இல்லை. பாகம் பிரிக்க முடியாத பெரிய பிரபுத்துவப் பண்ணைகளை 1919ல் ஒரு சட்டம் உடைத்தது. சொத்து முழுசாக உன் பெயருக்கு வேண்டுமா, மதிப்பில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டு, நிலத்தில் மூன்றில் ஒரு பகுதிவரை விலைக்குக் கொடு என்றார்கள். அந்த நிலம் சிறு விவசாயிகளுக்குப் போனது. மேலே சொன்ன குடிசைக்காரர்களின் பேரன்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூரை மாற்றவே பணம் வேண்டும். அதனால் நுழைவுச் சீட்டு, பழைய கார்களின் கண்காட்சி, கோடையில் இசை விழா என்று பிழைக்கிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஓடென்சேயிலிருந்து ஸ்வென்போர்க் போகும் ரயிலில் ஏறி, க்வேர்ன்ட்ரூப்பில் இறங்குங்கள். வேலைக்காரர்களின் வாழ்க்கையையும் பார்க்க ஆசையிருந்தால் யூட்லாந்தில் காமெல் எஸ்ட்ரூப் மாளிகைக்குப் போங்கள். 1930லிருந்து அது அருங்காட்சியகம்.

கோபுரத்தில் ஒரு மரப்பொம்மை படுத்திருக்கிறதாமே? (எட்டாம் வகுப்பு மாணவி, ஓசூர்)

ஆமாம் கண்ணு. கூரைக்கு அடியில் ஒரு மர மனிதனைத் தலையணை போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவனை எடுத்துவிட்டால் கிறிஸ்துமஸ் இரவில் மாளிகை ஏரிக்குள் மூழ்கிவிடுமாம். சோதித்துப் பார்க்க யாரும் தயாராக இல்லை. சேற்றில் நட்ட மரத்தின் மேல் நிற்கிற வீடு, சர்வேயர் நானே தொட மாட்டேன்.