காலநிலை மாதிரியே மேகங்களைக் கணக்கிடும்போது, செயற்கைக்கோள் பார்ப்பதைப் போலப் பார்க்கும் மென்பொருள் தனியாக எதற்கு? நேரடியாக ஒப்பிடக் கூடாதா?

ஒப்பிடலாம். ஆனால் கிடைக்கும் வேறுபாட்டில் மாதிரியின் பிழை எவ்வளவு, அளக்கும் முறையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரிகளின் வெளியீட்டோடு வேலை செய்பவன் என்ற முறையில், அப்படி நேரடியாக வரைந்த ஒப்பீட்டுப் படங்களை நான் நம்புவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1983 முதலான செயற்கைக்கோள் படங்களிலிருந்து மேகத் தரவைத் தொகுத்த ஐ.எஸ்.சி.சி.பி. என்ற பன்னாட்டுத் திட்டம், மேக உச்சியின் உயரத்தை அகச்சிவப்புக் கதிர்வீச்சிலிருந்தும், மேகத்தின் ஒளியியல் தடிமனை (அது ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவை) திருப்பி அனுப்பப்படும் சூரிய ஒளியிலிருந்தும் கணிக்கிறது. கடலை ஒட்டிய தாழ்மேகத்துக்கு மேலே மெல்லிய கீற்று மேகம் ஒன்று பரவியிருந்தால், இரண்டிலிருந்தும் வரும் கதிர்வீச்சு கலந்து, உண்மையில் எந்த மேகமும் இல்லாத நடு உயரத்தில் ஒரே மேகம் இருப்பதாகப் பதிவாகிவிடும். மாதிரி அந்த இரண்டு மேகங்களையும் சரியாகவே உருவாக்கியிருந்தாலும், நேரடி ஒப்பீட்டில் அதற்கு நடுமட்ட மேகம் போதவில்லை என்ற பெயர்தான் கிடைக்கும்.

இதைத் தீர்க்க எழுதப்பட்டதுதான் காஸ்ப் என்ற ஃபோர்ட்ரான் மென்பொருள். மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 100 கி.மீ. அகலம் கொண்டது, அதில் ஒவ்வோர் உயர அடுக்கிலும் எத்தனை விழுக்காடு மேகம் என்பது மட்டுமே தெரியும். காஸ்ப் அந்தக் கட்டத்தைப் பல துணைத்தூண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒவ்வோர் அடுக்கையும் முழு மேகம் அல்லது தெளிந்த வானம் என்று நிரப்புகிறது. பிறகு அத்தூண்களைக் கற்பனைக் கருவிகளின் பார்வைக்கு உட்படுத்துகிறது. 2023 வரை இயங்கிய காலிப்ஸோ செயற்கைக்கோளின் லைடார் (லேசர் ஒளியை அனுப்பி அளக்கும் கருவி) கதிர், ஒளியியல் தடிமன் 3-ஐ ஒட்டி வலுவிழந்துவிடும் என்பதால், அடர்ந்த மேகத்துக்குக் கீழே இருப்பதைக் கற்பனை லைடாரும் காணாது. கிளவுட்சாட் செயற்கைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அடர்ந்த மேகத்தைத் துளைத்துப் பார்த்தது; மெல்லிய கீற்று மேகங்களையோ தவறவிட்டது. அக்குறையும் அப்படியே பின்பற்றப்படுகிறது.

இதன் பயனை நான் மிகவும் மதிப்பது, ஒன்றையொன்று மறைக்கும் பிழைகள் வெளிப்பட்ட இடத்தில்தான். வளிமண்டல உச்சியில் திரும்பும் ஒளியின் அளவு ஓரளவு பொருந்தியதால் மாதிரிகள் தேறியதாகத் தோன்றின. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பமண்டலத் தாழ்மேகங்கள் மாதிரிகளில் தேவையைவிடக் குறைவாகவும் தேவையைவிடப் பிரகாசமாகவும் இருப்பதை இத்தகைய கற்பனைக் கருவிகளின் வழியே காட்டியது.

காஸ்ப் தானும் சில அனுமானங்களின் மேல்தான் நிற்கிறது. அடுக்குகளின் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வாறு படிகின்றன என்பதில் மாதிரியின் கதிர்வீச்சுக் கணக்கு ஒன்றையும் காஸ்ப் வேறொன்றையும் கொண்டால், நாம் ஒப்பிடுவது மாதிரி உணராத ஒரு வானத்தை. 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பில், துணைத்தூண்களையும் ஒளியியல் பண்புகளையும் மாதிரியே நேரடியாகக் கொடுக்க வழிசெய்தது அதனாலேயே முக்கியமான மாற்றம்.

நீங்கள் ஒப்பிடத் தொடங்கினால், செயற்கைக்கோள் பக்கத்திலும் இதற்கென்றே ஆயத்தம் செய்த தரவைத்தான் எடுக்க வேண்டும். காலிப்ஸோவுக்கு அது கோக்ப் தொகுப்பு: லைடாரின் சிதறல் விகிதம் (திரும்பிவரும் ஒளி, மேகமற்ற காற்றிலிருந்து வருவதைப் போல் எத்தனை மடங்கு என்பது) 5-ஐத் தாண்டினால்தான் மேகம் என்ற அதே வரம்பை, கற்பனை லைடாரைப் போலவே அதுவும் கையாள்கிறது. பொதுத் தரவை எடுத்தால், மேகம் என்பதன் வரையறையே இரு பக்கமும் வேறுபட்டுப்போகும்.