லாக் வரியில் என்ன எழுதுவது? கேள்வி பதில்

பல வருடமாக லினக்ஸ் சர்வர்களையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களையும் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, பகலில் யாரோ எழுதிய லாகை (புரோகிராம் ஓடும்போது பதிவாகிற குறிப்புகளை) ராத்திரியில் உட்கார்ந்து படிக்கிற வேலை. லாக் வாசகங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் சர்வர் லாகை ஒட்டி “இதற்கு என்ன செய்வது” என்று கேட்டால் மட்டும் பதில் கிடைக்காது.

கேள்வி: அக்கா, எங்கள் டீமில் எல்லா இடத்திலும் ‘ஆபரேஷன் ஃபெயில்டு’ என்று எழுதி, பக்கத்தில் எர்ரர் நம்பரும் போடுகிறோம். போதாதா?

பதில்: போதாது. சில வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர் இடத்தில் ராத்திரி 2 மணிக்கு நான் பார்த்த வரி: ‘ரைட் ஃபெயில்டு: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் டிஸ்கில் 40 சதவீதம் காலி. எந்த ஃபைல், எந்த மவுண்ட் (டிஸ்க் இணைந்திருக்கும் இடம்) என்று வரியில் ஒரு வார்த்தை கிடையாது. சம்பந்தமே இல்லாத டிஸ்கில் பழைய பேக்கப்புகளை அரை மணி நேரம் அழித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ‘டிஎஃப் -ஐ’ அடித்தபோதுதான் தெரிந்தது, ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடம், 100 சதவீதம் தீர்ந்திருந்தது. ஒரு செஷன் டைரக்டரியில் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள்.

லினக்ஸின் மையமான கெர்னல் பொய் சொல்லவில்லை. அந்த ஒரே எர்ரர் நம்பரைப் பல காரணங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வாட்ச் வரம்பு முடிந்தாலும் இதே நம்பர், இதே வாசகம்தான். அங்கே டிஸ்குக்கு வேலையே இல்லை. ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையை எழுதியவர்கள் அந்தச் சந்தர்ப்பத்தைப் பிரித்தறிந்து ‘ஐநோட்டிஃபை ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்’ என்று தாங்களே சொல்கிறார்கள். அதுதான் அக்கறை.

எனவே மூன்று விஷயம் வேண்டும்: என்ன செய்யப் போனோம், எதன் மேல், ஏன் நடக்கவில்லை. ஏன் என்பதற்கு லாக் அனுப்பும் சிஸ்லாக் ஃபங்ஷனில் ‘%எம்’ போட்டால் எர்னோவின் (கடைசி எர்ரர் நம்பரின்) வாசகம் தானாக வந்துவிடும். ஆனால் நடுவில் வேறு ஏதாவது ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எர்னோ மாறிவிடும். அப்புறம் லாகில் வருவது வேறு யாருடைய காரணமோ.

கேள்வி: ‘கேனாட்’, ‘குட் நாட்’, ‘அனேபிள் டு’, ‘ஃபெயில்டு டு’. எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். போஸ்ட்கிரெஸ் திட்டத்துக்கு என்று ஒரு வாசக வழிகாட்டி இருக்கிறது. அதில் ‘குட் நாட்’ என்றால் இந்த முறை நடக்கவில்லை, நிலைமை மாறினால் நடக்கலாம். ‘கேனாட்’ என்றால் அந்த வேலையே இங்கே கிடையாது. ‘அனேபிள்’ வேண்டாம் என்கிறார்கள், அது இரண்டில் எது என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து படிக்கவேண்டியிருக்கிறது. நமக்குப் பேச்சிலேயே இருக்கிறது: ‘திறக்க முடியவில்லை’, ‘திறக்க முடியாது’. முதலாவதைக் கேட்டவர் மறுபடி முயல்வார், இரண்டாவதைக் கேட்டவர் வேறு வழி தேடுவார். ஆங்கில வரி எழுதும்போதும் மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள், சரியான வார்த்தை தானாக வரும்.

அதே வழிகாட்டியில் இன்னொன்று: ‘இல்லீகல்’ என்று எழுதாதே, சட்டத்தை யாரும் மீறவில்லை, ‘இன்வேலிட்’ போதும். ‘பேட்’ என்பதும் வேண்டாம், என்ன கோளாறு என்று சொல். ஃபங்ஷன் பெயரை எழுதாமல், என்ன செய்ய முயன்றாய் என்று எழுது.

கேள்வி: எதை எர்ரர் என்று போடுவது, எதை வார்னிங் என்று போடுவது?

பதில்: சிஸ்லாகில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். எண் சிறிதானால் ஆபத்து பெரிது: 0 எமர்ஜென்சி, 3 எர்ரர், 4 வார்னிங், 7 டீபக். இந்த வரிக்காக யாராவது தூக்கத்திலிருந்து எழுந்து வரவேண்டுமா? ஆம் என்றால் எர்ரர் அல்லது அதற்கும் மேல். காலையில் பார்த்தால் போதும் என்றால் வார்னிங். நிலை ஒன்றும் வார்த்தை ஒன்றுமாக இருக்கக்கூடாது. லினக்ஸ் கெர்னலில் ஒரு ப்ராசஸ் 120 விநாடிக்கு மேல் சிக்கிக்கொண்டால் வருகிற வரி ‘இன்ஃபோ: டாஸ்க்...’ என்று தொடங்கும். ஆனால் அது அச்சாவது எர்ரர் நிலையில். போஸ்ட்கிரெஸில் ‘ஃபேட்டல்’ என்றால் அந்த ஒரு கனெக்‌ஷன் போய்விட்டது, அவ்வளவுதான். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலே ஃபேட்டல் வரும். சர்வரே சாகிறபோது வருவது ‘பேனிக்’. புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் இதில் பயந்து போகிறார்கள்.

கேள்வி: சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சின் லாகில் ‘பாசிபிள் பிரேக்-இன் அட்டெம்ப்ட்!’ என்று பெரிய எழுத்தில் வந்தது. ஹேக் ஆகிவிட்டோமா?

பதில்: இல்லை. உங்களிடம் இருப்பது பழைய வெர்ஷன். ஒரு ஐபியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியை வைத்துத் தேடிய பெயர்) பொருந்தவில்லை என்பதற்கு அவ்வளவு கூச்சல். பிறகு அந்தச் சொற்களை எடுத்துவிட்டார்கள். லாகில் நடந்ததை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் புரோகிராமில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்பதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. ஆறு வருடமாக. திருத்திவிடலாமா?

பதில்: திருத்தலாம். ஆனால் முதலில் அந்தப் பிழையோடு அதை யார் கிரெப் செய்கிறார்கள் (சொல்லை வைத்துத் தேடுகிறார்கள்) என்று பாருங்கள். ஃபெயில்2பேன் போன்றவை எஸ்எஸ்எச்சின் லாக் வரியைத்தான் பேட்டர்ன் வைத்துப் படித்து ஐபியை அடைக்கின்றன. நீங்கள் ஒரு சொல்லை மாற்றினால் அங்கே எர்ரர் வராது. சத்தமே இல்லாமல் அடைப்பது நின்றுபோகும். வெளியே போய்விட்ட லாக் வரி உங்கள் வரி மட்டும் அல்ல.

இதற்காகவே கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம், வரி நீளத்துக்காக மற்றதையெல்லாம் உடைத்தாலும் லாக் வாசகத்தை மட்டும் உடைக்காதே என்கிறது. உடைத்தால் சோர்ஸில் கிரெப் செய்து கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மெசேஜ் க்யூ நிரம்பினால் எர்ரரா வார்னிங்கா?

பதில்: இரண்டு கேள்வி மேலே பாருங்கள்... சரி, மூன்று. எழுந்து வரவேண்டுமா?

கேள்வி: லாகின் தப்பாகப் போனால் ‘அப்படி யூசர் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லலாமா? தெளிவுதானே வேண்டும் என்கிறீர்கள்.

பதில்: யாருக்குத் தெளிவு? போஸ்ட்கிரெஸில் இல்லாத பெயரில் நுழையப் பார்த்தாலும், வெளியே இருப்பவருக்குப் பாஸ்வேர்டு சரியில்லை என்ற வரிதான் போகும். ‘அந்த ரோல் இல்லை’ என்ற விவரம் சர்வர் லாகில் மட்டும் விழும். அந்தப் பிரிவினையைப் பின்பற்றுங்கள். அதற்காக அடித்த பாஸ்வேர்டையே லாகில் எழுதிவிடாதீர்கள். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர் எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது, உள் லாக் ஒன்றில் அவை மறைக்கப்படாமல் பதிவானதால்தான்.

கேள்வி: இவ்வளவு தமிழ் பேசுகிறீர்களே, லாகையே தமிழில் எழுதினால் என்ன? ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் தங்கள் மொழியில் பார்க்கவில்லையா?

பதில்: பார்க்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் ‘எல்சி_மெசேஜஸ்’ என்ற மொழி அமைப்பை மாற்றினால் லாக் ஜெர்மனில் வரும். ஆனால் அதே ஜெர்மன்காரர் வரியைத் தேடுபொறியில் போட்டதும் ஒன்றும் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நமக்கென்றே ஒரு சிக்கல். நம் வினை கடைசியில் வரும். வரி நடுவில் வெட்டுப்பட்டு ‘ஃபைலைத் திறக்க முடி’ என்று நின்றால், முடிந்ததா முடியவில்லையா?

கேள்வி: வரி ஏன் வெட்டுப்படவேண்டும்?

பதில்: 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணத்தின்படி சிஸ்லாக் செய்தி மொத்தமே 1024 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ‘முடியவில்லை’யில் 11 குறிகள், 33 பைட். ‘குட் நாட்’ ஆங்கிலத்தில் 9.

கேள்வி: அது பழைய கதை, அக்கா. அடுத்த ஆர்எஃப்சி 5424 வந்துவிட்டது, லாகைச் சேகரிக்க ஜர்னல்டி வந்துவிட்டது. பைட் கணக்குச் சொல்லித் தமிழைத் தள்ளிவைப்பது இது எத்தனையாவது முறை?

பதில்: இது நியாயம். 2009இல் வந்த 5424, 2048 பைட் வரை வாங்கிக்கொள்ளப் பரிந்துரைக்கிறது. ஜர்னல்டிக்கு அதுவும் தடை இல்லை. பைட் வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பூட் ஆகும்போது தெரிகிற கருப்புத் திரை வாதத்தை விடமாட்டேன். லினக்ஸ் டெக்ஸ்ட் கன்சோல் ஃபான்ட்டில் அதிகபட்சம் 512 வடிவங்கள், கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்துக் கோக்கத் தெரியாது. சர்வர் எழாத நேரத்தில் உங்கள் தமிழ் கட்டம் கட்டமாக நிற்கும்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி செய்கிற வழி எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் 128 பிட் அடையாள எண் ஒன்று. வரி ஆங்கிலத்திலேயே கிடக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்’ அடித்தால் அந்த எண்ணுக்கான விளக்கத்தைக் கேட்டலாக் என்ற விளக்கத் தொகுப்பிலிருந்து எடுத்துக் கீழே காட்டும். கேட்டலாகை மொழிபெயர்க்கலாம். தமிழுக்கு அங்கேதான் இடம், நிறைய இடம்.

கேள்வி: எர்ரருக்கும் கிரிட்டிக்கலுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: எழுந்து வரவேண்டுமா, ஓடி வரவேண்டுமா. நிலைகளைப் பற்றி இனி யாரும் கேட்காதீர்கள்.

கேள்வி: கன்டெய்னர் லாக் டிஸ்கை நிரப்புகிறது, ரொட்டேஷன் எப்படி வைப்பது?

பதில்: அது வாசகம் இல்லை. டாக்கர் ஆவணத்தில் ‘மேக்ஸ்-சைஸ்’ என்று தேடுங்கள்.

கேள்வி: தமிழ் கேட்ட அதே ஆள்தான். கேட்டலாக் விளக்கத்துக்கு முதல் வரி எழுதினேன்: ‘உள்ளமைவுக் கோப்புத் திறப்பு தோல்வியுற்றது.’ சரியா?

பதில்: தோல்வியுற எந்தத் திறப்பும் போட்டிக்குப் போகவில்லை. எந்த ஃபைல் என்பதும் இல்லை, ஏன் என்பதும் இல்லை. ‘/இடிசி/ஆப்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலைத் திறக்க முடியவில்லை: படிக்க அனுமதி இல்லை.’ அடுத்த வரியில், எந்த யூசராக ஓடும்போது மறுத்தது என்று சேருங்கள். மீதி வரிகளையும் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.