215 நிமிடம் என்றால் இரவில் எத்தனை பேர்?

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஊரில் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ் அனுபவம், கையில் ஆஸ்திரேலியப் பதிவு, மெல்போர்னில் 60 பேர் தங்கும் தனியார் முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டிக்கு அழைப்பு. "ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடப் பராமரிப்பு தருகிறோம்" என்கிறார்கள். ஆள் போதுமான அளவு இருக்கும் என்று நம்பலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ரோஸ்டரைக் (எந்த ஷிஃப்டில் யார் யார் என்ற பட்டியல்) கேளுங்கள்.

215 என்பது, முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2021 அறிக்கையில் பரிந்துரைத்து, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய சராசரி. அதில் 44 நிமிடம் ரெஜிஸ்டர்டு நர்ஸ் (ஆர்.என்.) தர வேண்டும். இந்த 44-இல் பத்து சதவீதம் வரை, ஆர்.என்.-க்கு அடுத்த நிலையில் உள்ள என்ரோல்டு நர்ஸ் (இ.என்.) நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தங்கியிருப்பவர்களின் உடல்நிலையைப் பொறுத்து ஒவ்வோர் இல்லத்துக்கும் இலக்கு மாறும். ஆர்.என்., இ.என்., கேரர் (பராமரிப்பு உதவியாளர்) மூவரின் நேரம்தான் கணக்கு. பிசியோ, பொழுதுபோக்கு ஆள், சமையல், துப்புரவு எதுவும் சேராது.

உங்கள் இல்லத்துக்கு 215 என்றே வைத்துப் போடுவோம். 60 பேருக்கு 12,900 நிமிடம், அதாவது நாளுக்கு 215 மணி நேரம். எட்டு மணி ஷிஃப்டாகப் பிரித்தால் ஏறக்குறைய 27 ஷிஃப்ட். அதில் ஆர்.என். பங்கு 44 மணி, ஐந்தரை ஷிஃப்ட். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் இது மூன்று மாதக் காலாண்டின் சராசரி. குளியல், சாப்பாடு, மருந்து என்று காலையிலும் மாலையிலும்தான் ஆள் குவிவார்கள். இரவுக்கு ஓர் ஆர்.என்., இரண்டு அல்லது மூன்று கேரர் என்று போட்டாலும் நிமிடக் கணக்கு இடிக்காது. ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பேர் என்று இந்தத் தேசிய விதி சொல்லவில்லை.

இரவுக்கு அது தரும் ஒரே பிடி, 2023 ஜூலை 1-இல் வந்த 24 மணி நேர ஆர்.என். விதி. அந்த நர்ஸ் இல்லத்துக்குள்ளேயே பணியில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து போனில் கிடைப்பது போதாது. அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆர்.என். இல்லாமல் போனால் இல்லம் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தொலைதூர ஊர்களில் 30 படுக்கைக்கு உட்பட்ட சில சிறு இல்லங்களுக்கு விலக்கு உண்டு, மெல்போர்னில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விக்டோரியாவின் அரசு முதியோர் இல்லங்கள் கதையே வேறு. 2015-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி, உயர்பராமரிப்புப் பிரிவில் காலையில் 7 பேருக்கு ஒரு நர்ஸ், மாலையில் 8 பேருக்கு ஒருவர், இரண்டு ஷிஃப்டிலும் பொறுப்பு நர்ஸ் தனியாக. இரவில் 15 பேருக்கு ஒருவர். அரசு இல்லத்தில் இடம் காலியாக இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள் என்றே சொல்வேன்.

தனியார் இல்லத்தில் இரவு எங்கே உடைகிறது என்றால், ஹாய்ஸ்டில், அதாவது ஆளைத் தூக்கும் கருவியில். எழுந்து நிற்க முடியாதவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டே கேரர் இருந்து இருவரும் ஓர் அறைக்குள் ஹாய்ஸ்டோடு நின்றால், மற்ற 59 பேரின் அழைப்பு மணிக்கும் நீங்கள் ஒருவர்தான். அந்த நேரம் பார்த்து ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டால், நியூரோ அப்சர்வேஷன் (நினைவு, கண்மணி போன்றவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது), அவசர எண் 000-க்கு அழைப்பு, குடும்பத்துக்குத் தகவல் எல்லாம் உங்கள் தலையில். இன்னோர் அறையில் இறுதிநிலை நோயாளிக்கு மார்ஃபின் தர வேண்டியிருக்கும். பார்க்கின்சன் மாத்திரை நேரம் தவறினால் காலையில் அவரால் அசையவே முடியாது. ஐ.சி.யூ.வில் பக்கத்தில் டாக்டர் இருப்பார், இங்கே இல்லை.

அதனால் இன்டர்வியூவில் இப்படிக் கேளுங்கள். நைட்டில் எத்தனை ஆர்.என்., எத்தனை கேரர், எத்தனை மாடி? இரண்டு பேர் உதவி தேவைப்படுபவர்கள் எத்தனை பேர்? கேரர் லீவு போட்டால் ஏஜென்சி ஆள் வருமா, எத்தனை மணிக்குள்? கேரர்கள் இரவில் துணி துவைக்கும் வேலையும் பார்க்கிறார்களா? முழுப் பொறுப்பு ஏற்கும் முன் எத்தனை நைட் கூட இன்னொரு நர்ஸ் இருப்பார்? முடிந்தால் கடந்த இரண்டு வார ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். அரசின் மை ஏஜ்ட் கேர் இணையதளத்தில் இல்லத்தின் பெயரைப் போட்டால், அதன் நிமிட இலக்கும் உண்மையில் தந்த நிமிடமும் தெரியும்; ஆர்.என். நிமிடத்தைத் தனியாகப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு ஆள் குறைந்த இரவில், ஷிஃப்ட் தொடக்கத்திலேயே மேனேஜருக்கு போன் செய்து, அதையே ஈமெயிலாகவும் அனுப்புங்கள்: தேதி, மணி, எத்தனை பேர் வர வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள், எந்த வேலை தள்ளிப்போகும். விடிந்தபின் எழுதினால் சாக்குப்போக்காகப் படும். நர்ஸ் சங்கத்தில் முதல் வாரமே சேர்ந்துவிடுங்கள். ஏதாவது நடந்து உங்கள் பதிவுக்கே கேள்வி வந்தால், துணைக்கு வழக்கறிஞர் கிடைப்பது அங்கேதான்.