வளர்சிதை மாற்றத்தை வேகப்படுத்தினால் கொழுப்பு மட்டும் கரையுமா?

"நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன், வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டது. அதை வேகப்படுத்தி, பக்கவிளைவு இல்லாமல் கொழுப்பை மட்டும் குறைக்க என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த மந்தம். வளர்சிதை மாற்றம் என்பது உடல் உணவை ஆற்றலாக்கிச் செலவிடும் வேலை. 2021-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டோர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அதில் ஆராய்ந்தார்கள். உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தது. இறக்கம் தொடங்குவது 60-க்குப் பிறகுதான், அதுவும் மெதுவாக. நாற்பதில் இடுப்பு பெருக்கக் காரணம் வேறு: நடமாட்டம் குறைகிறது, தசை குறைகிறது, தட்டில் விழுவது மட்டும் குறைவதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளவர்களுக்கு எடை கூடுவது உண்மை. சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வளர்சிதை மாற்றத்தை மெய்யாகவே முடுக்கிவிட்ட மாத்திரை ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் டைநைட்ரோஃபீனால். 1930-களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் இளைப்பதற்காக அதை விழுங்கினார்கள். செல்களுக்குள் உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை உடலுக்குப் பயன்படவிடாமல் வெறும் வெப்பமாக்கிவிடுவதுதான் அதன் வேலை. எடை இறங்கத்தான் செய்தது. கூடவே உடல் கொதித்தது, இளம் வயதினருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். 1938-இல் அமெரிக்க அரசு தடுத்துவிட்டது. மாற்று மருந்தே இல்லாத இந்த நஞ்சு இன்றும் இணையத்தில் கள்ளத்தனமாக விற்கப்படுகிறது. இன்றும் உயிர்கள் போகின்றன. 'கொழுப்பை எரிக்கும்' என்று எழுதிய டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் காஃபினைத் தவிர வேலை செய்கிற சரக்கு அதிகம் இருப்பதில்லை. காஃபின் கூட்டும் செலவும் அற்பம்.

ஆகவே உங்கள் கேள்வியைச் சற்றே திருப்பிக்கொள்கிறேன். இறங்குகிற எடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, எவ்வளவு தண்ணீர்? பாதுகாப்பு முழுக்க இந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்துச் சுமார் அரைக் கிலோ கிளைகோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் இந்தச் சேமிப்புதான் முதலில் கரையும், தண்ணீரும் அதனோடு போகும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும் மாயம் இதுதான்; வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அந்த எடை வந்துவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கூட முழுதாகத் தேறாது. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. 'வாரம் ஐந்து கிலோ' என்று எவராவது விளம்பரம் செய்தால், அதில் கொழுப்பு எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள்.

என் அக்கா அப்படியொரு திரவ உணவுத் திட்டத்தைப் பின்பற்றினார். எடை மளமளவென்று இறங்கியது, ஊரே பாராட்டியது. திட்டம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, தலை வாரும்போதெல்லாம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கடுமையான பட்டினிக்குப் பிறகு முடி உதிர்வது இப்படித்தான் தாமதமாக வரும். அதனால் பலரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. அக்காவும் ஷாம்பூவைத்தான் மாற்றினார். முடியாவது மறுபடி வளர்ந்துவிடும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது, அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

சரி, என்ன சாப்பிடுவது? என் தட்டில் முதல் இடம் புரதத்துக்கு. அதில் கிடைக்கும் 100 கலோரியில் 20 முதல் 30 வரை செரிமானத்துக்கும் உடல் அதைக் கையாள்வதற்குமே செலவாகிவிடும். மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் அதிகம் போனால் 3. உணவின் மூலம் வளர்சிதை மாற்றத்தைத் தூண்டுவது என்றால் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். புரதம் பசியையும் அடக்கும், தசையையும் காக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால், இதைத் திட்டமிடாமல் எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவைத் தாங்களாகவே முடிவு செய்யக் கூடாது. காய்கறி, பழம், முழுதானியம், பயறு வகைகள் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. நான் பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்று ஊற்றுவேன். ஒருநாள் அதே கைவாக்கில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேசைக்கரண்டியால் அளந்தேன். மூன்று கரண்டி! ஒரு கரண்டிக்கு 120 கலோரி வீதம் 360. "எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவில்லை" என்று சொன்ன ஒரு சிறு குழுவை ஆராய்ந்து 1992-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. உண்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

எடை தூக்கும் பயிற்சியையும் விடாதீர்கள். தசை ஏறினால் சும்மா இருக்கும்போதே கலோரி கொட்டும் என்பார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவிடுவது நாளுக்கு 13 கலோரி அளவுக்குத்தான். பயிற்சியின் உண்மையான பயன், குறைகிற எடையில் தசையின் பங்கைச் சுருக்குவது.

நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதில் பொருந்தாது.

சில மாதங்களில் எடை ஒரே இடத்தில் நிற்கும். இடுப்புச் சுற்றளவு மட்டும் குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அதுவும் ஒரு மாதம் அசையாமல் நின்றால், உடல் சிறுத்து அதன் தேவையும் சிறுத்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது இன்னும் 100, 150 கலோரி குறைக்கலாம். அல்லது இரண்டு மாதம் அந்த எடையிலேயே இருந்துவிட்டுப் பிறகு தொடரலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.