வண்டியைத் தூக்குவதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குறைந்த விலைக்கு ஒரு பழைய சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி, அதைச் சேற்றுக்கும் பாறை வழிக்கும் தயார் செய்வது எப்படி? ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிவிட்டேன். நானும் இதில் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் என்று எழுதியிருக்கும் பழைய கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அது போதாதா? இல்லையென்றால் எந்த வண்டியைத் தேடலாம்?

மழை, மண் சாலை, வழுக்கும் மேடு என்றால் அதுவே போதும். பாறை ஏற வேண்டும் என்றால் போதாது. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்காதீர்கள், கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறதா, அதில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர், இருக்கிறதா என்று பாருங்கள் (புதிய மாடல்களில் லீவருக்குப் பதில் பட்டன் இருக்கும்). லோ ரேஞ்ச் இருந்தால்தான் வண்டி ஆள் நடப்பதைவிட மெதுவாகப் பாறைமேல் ஊர்ந்து ஏறும், இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமலே என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

சின்ன வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுசூகி ஜிம்னி வம்சம்தான். 1970-ல் 359 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜினோடு வந்த பொடியன் அது. அப்புறம் 970 சிசி எஸ்.ஜே. 410, 1.3 லிட்டர் எஸ்.ஜே. 413, அதையே சாமுராய் என்ற பெயரில் விற்றது, வீல்பேஸை நீட்டி ஜிப்சி ஆக்கியது எல்லாம் அதே குடும்பம். தனி சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக இருக்கும் ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். 1998-ல் வந்த ஜிம்னியில் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது, சாலையில் முதுகு தப்பும். 1988-ன் விட்டாராவும் சேஸிஸ் வண்டிதான், ஆனால் முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு, அதனால் ஓட்டச் சுகம், பள்ளத்தில் சக்கரம் அவ்வளவு தூரம் தொங்காது. 1977-ல் வந்த லாடா நிவாவுக்குத் தனி சேஸிஸே கிடையாது, ஆனால் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும், நடு டிஃபரன்ஷியலை (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) பூட்டலாம், லோ ரேஞ்சும் உண்டு.

என்னைக் கேட்டால் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த 1.3 லிட்டர் சுசூகி. கார்புரேட்டர் வண்டி செங்குத்தான மேட்டில் ஏறும்போது அதற்குள் இருக்கும் பெட்ரோல் கிண்ணமும் சாய்ந்து, ஒன்று வழியும், இல்லை வற்றும். பாதி மேட்டில் என்ஜின் அணையும். என்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும், அப்போது பெடல் கல்லாக இருக்கும். இந்த அனுபவம் ஒரு முறை போதும்.

கேள்வி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். என்ஜின் சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. எதை எதைப் பார்ப்பது?

என்ஜினைக் கடைசியில் பாருங்கள். சின்ன என்ஜின், கெட்டாலும் பிரித்துச் செய்துவிடலாம், வேறொன்று வாங்கியும் வைத்துவிடலாம். துருப்பிடித்த சேஸிஸை அப்படிச் செய்ய முடியாது.

பழைய துணி ஒன்று, டார்ச், ஸ்க்ரூடிரைவர், காந்தம் ஒன்று எடுத்துக்கொண்டு போய் அடியில் படுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சேஸிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். இற்றுப்போன இடம் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். நான் முதன்முதலில் பார்த்த வண்டியின் அடி முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது, விற்றவர் அதையே பெருமையாகச் சொன்னார். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கிக்குப் பக்கத்தில் தட்டினேன், பெயிண்ட் ஓடு மாதிரி உடைந்து உள்ளே பட்டி தெரிந்தது. காந்தம் அங்கே ஒட்டவே இல்லை. அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்தான்.

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், பாடி சேஸிஸில் உட்காரும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் போட்டிருக்கும் இடத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்பது, அப்புறம் உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கினால் தெரியும் தளம். விரிப்பைத் தூக்க விடவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது முன் ஆக்சில். பழைய சுசூகிகளில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் ஆக்சில் நுனியில் பளபளப்பான ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதில் மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் சரி. கிரீஸும் எண்ணெயும் கலந்து கூழாக வழிந்திருந்தால் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லையென்றால் கிங்பின் பேரிங், அதாவது ஸ்டீயரிங்குக்குச் சக்கரம் திரும்பும் அச்சில் இருப்பது. குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஸ்டீயரிங் பேய் பிடித்த மாதிரி உதறுகிறது என்று எழுதியிருந்த இருவருக்கும் இதே பதில்தான், கூடவே வீல் பேலன்ஸும் ரப்பர் புஷ்களும் பாருங்கள். அதை விட்டுவிட்டு ஸ்டீயரிங் டாம்பர் (உதறலை உறிஞ்சும் குட்டி ஷாக் அப்சார்பர்) மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

முடிந்தால் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அதில் உலோகத் துகள் மினுங்கினால், சுண்டைக்காய் கால் பணம் சுமைக்கூலி முக்கால் பணம் கதைதான்.

கேள்வி: வின்ச், பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன் எல்லாம் ஏற்கெனவே போட்ட வண்டி ஒன்று வந்திருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?

அதையெல்லாம் மாட்டப் போட்ட வெல்டிங்கை யார் வைத்தது என்று கேளுங்கள். "நானேதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வேண்டாம்.

கேள்வி: ஃபோர் வீல் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

தார் சாலையில் வேண்டாம். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடும். நிவாவை விட்டுவிட்டால், இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். தாரில் சக்கரம் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுக்கக் கியர்களில் ஏறும். சரளையிலோ தளர்ந்த மண்ணிலோ ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள், முதலில் டூ வீலில், அப்புறம் ஃபோர் வீலில். ஃபோர் வீலில் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல முக்கி முக்கி நகர்ந்தால் முன் சக்கரங்கள் இழுக்கின்றன. இரண்டிலும் ஒரே மாதிரி ஓடினால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. லோ ரேஞ்சில் போட்டு மேடு ஏற்றி இறக்கியும் பாருங்கள், லீவர் தானாக வெளியே துள்ளுகிறதா என்று.

1998-க்குப் பிந்தைய ஜிம்னியில் முன் ஹப்புகள் (சக்கரத்தை ஆக்சில் தண்டோடு இணைக்கும் பூட்டு) வேக்கம் குழாய் மூலம் பூட்டிக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், சக்கரம் இழுக்காது என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு. அதைச் சாக்கிட்டு விலையைக் குறைக்கலாம்.

பழைய வண்டிகளில் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். இதில் என் மானம் போன கதை ஒன்று உண்டு. வண்டி வாங்கிய புதிதில் முழங்கால் சேற்றில் இறக்கிவிட்டு, ஃபோர் வீலும் போட்டு, லோவும் போட்டு, ஒரு மணி நேரம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின் சக்கரம் மட்டும் குழி தோண்டியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, முன்னாடி ரெண்டும் சும்மா நிக்குதே" என்றார். ஹப் இரண்டும் ஃப்ரீயில் இருந்தன. அதைத் திருக வேண்டுமென்றால் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். துழாவினேன்.

கேள்வி: வாங்கியாச்சு. முதல் வேலையாக 4 அங்குலம் உயர்த்தலாம் என்று இருக்கிறேன். எந்தக் கிட் நல்லது?

முதல் வேலை பழைய ஆயிலையெல்லாம் மாற்றுவது, பிரேக்கைச் சரிசெய்வது. இரண்டாவது டயர். உயர்த்துவது அதற்கும் பிறகு, தேவையென்றால் மட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். கல்லில் போய் இடிப்பது பெரும்பாலும் ஆக்சில் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு, அது சக்கரத்தோடு இருக்கிறது, நீங்கள் ஒரு முழம் உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை மேலே தூக்குவது டயர் மட்டும்தான், அதுவும் டயரின் விட்டம் கூடியதில் பாதி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது இருப்பது 205/70 ஆர் 15 டயர் (அகலம் மி.மீட்டரில், பக்கச் சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்) என்று வையுங்கள், அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் 703 மி.மீ., டிஃபரன்ஷியல் ஏறுவது 17 மி.மீ. சொச்சம். 235/75 ஆர் 15 என்றால் 733 மி.மீ., ஏறுவது 33 மி.மீ. அந்த 33 மி.மீட்டருக்குத்தான் பலர் வீல் ஆர்ச்சை வெட்டுகிறார்கள், 2 அங்குலம் உயர்த்துகிறார்கள். 703 மி.மீ. டயரோடு நிறுத்திக்கொண்டால் பெரிய வெட்டுக்குத்து இல்லாமல் முடிந்துவிடும், ஸ்பீடோமீட்டர் மட்டும் 100 காட்டும்போது முன்பைவிட 5 கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

4 அங்குலம் உயர்த்தினால் கூடவே வருவது: ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு, பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடுவது, முன் ஆக்சில் கோணம் மாறி வண்டி நேராக ஓட மறுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்.ஜே. 410-ன் வீல்பேஸ் 2,030 மி.மீ.தான், அகலமும் குறைவு. அதை உயர்த்திச் சரிவில் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், சாமி எல்லாம் நினைவுக்கு வரும்.

கேள்வி: 31 அங்குல டயர் போட்டேன். இப்போது வண்டி மேடே ஏற மாட்டேன் என்கிறது. என்ஜினை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். என்ஜின் பாவம், அது பழையபடியேதான் இருக்கிறது. மேலே சொன்ன 668 மி.மீ. டயரிலிருந்து நீங்கள் சக்கரத்தைப் பெரிதாக்கியிருந்தால் கியர் எல்லாம் 18 சதவீதம் நீண்டுவிட்டது, அதாவது என்ஜினின் ஒரே சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போக வேண்டும், இழுவை குறையும். சாமுராயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 3.652, லோ ரேஞ்ச் 2.268, ஆக்சில் 3.73. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 31, அதாவது என்ஜின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்று வைத்தால் பழைய டயரில் மணிக்கு 3 கி.மீ. சொச்சம். 31 அங்குல டயர் போட்ட பிறகு அது 26-க்குச் சமமாகிவிட்டது. மருந்து டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும், லோ ரேஞ்சும் உள்ளே இருக்கும் பெட்டியில் இருக்கிறது: 4.16 விகித லோ கியர் செட் தனியாகக் கிடைக்கிறது, போட்டால் அந்த 31 சுற்று என்பது 57-ஐத் தொடும். செலவில்லாத மருந்து, பழைய அளவு டயருக்கே திரும்புவது.

கேள்வி: கூரையில் ரேக், அதன்மேல் ஸ்டெப்னி, ஜெர்ரி கேன், முன்னால் இரும்பு பம்பர், எல்.இ.டி. பார் இதெல்லாம் எந்த வரிசையில் போடலாம்?

போட வேண்டாம் என்கிற வரிசையில். இந்த வண்டியிடம் இருக்கும் ஒரே சொத்து, ஒரு டன்னைச் சுற்றியே நிற்கும் அதன் எடை. பெரிய வண்டிகள் புதைகிற இடத்தில் இது மேலேயே தவழ்ந்து போவது அதனால்தான்.

கேள்வி: ஸ்நார்கல் போட்டால் எவ்வளவு ஆழத் தண்ணீர் வரை இறக்கலாம்?

ஸ்நார்கல் என்ஜினுக்குக் காற்று எடுக்கும் வாயை உயர்த்துகிறது, அவ்வளவுதான். தண்ணீரைச் சிலிண்டருக்குள் இழுத்து கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்வதிலிருந்து அது காப்பாற்றும். டிஸ்ட்ரிப்யூட்டரை நனையாமல் காப்பாற்றாது, வண்டியை நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாமலும் தடுக்காது. அதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது. ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மூச்சு விட ஒரு பிரீதர் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் அறையின் உச்சியில் கட்டிவிடுங்கள், அரை நாள் வேலை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி இல்லை, செய்முறை: நீரோட்டம் அமைதியாக இருந்தால் கம்பை ஊன்றி நடந்து பாருங்கள், நடந்து கடக்க முடியாத வேகம் என்றால் வண்டியையும் இறக்காதீர்கள்.

கேள்வி: முதல் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

இன்னொரு வண்டி. தனியாகப் போகாதீர்கள்.

அப்புறம் இழுவைக் கொக்கி. முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் போட்ட, சுமை அளவு குறித்த கொக்கி வேண்டும். லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று இருக்கும் மெல்லிய வளையத்தில் கயிற்றை மாட்டாதீர்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டவே மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி வரும், ஆள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாக நிறுத்துங்கள்.

மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, காற்றழுத்த மீட்டர், காற்றடிக்கும் பம்பு. இந்தக் கடைசி இரண்டும் எந்த லிஃப்ட் கிட்டையும்விட உங்களை அதிக தூரம் கூட்டிப்போகும். இவ்வளவு லேசான வண்டிக்கு, கரடுமுரடான வழி தொடங்கும் இடத்தில் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், மணலில் 15. டயர் நீளவாக்கில் படிந்து தரையைப் பிடிக்கும். 10-க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் லோ முதல் கியரில் வைத்து, இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திப் பாருங்கள். அந்தரத்தில் சுற்றுவதற்குக் கடிவாளம் விழும், தரையில் இருப்பதற்குக் கொஞ்சம் இழுவை வரும். டிஃபரன்ஷியல் லாக் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் பூட்டுவது) எதற்கு என்று கேட்டவரும் இதை ஒரு பருவம் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

தார் சாலை தொடும் முன் காற்றை நிரப்புங்கள், லீவரை டூ வீலுக்கு மாற்றுங்கள், இறங்கி ஹப் இரண்டையும் ஃப்ரீக்குத் திருகுங்கள். இப்போதும் நான் ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறந்து வீடு வந்து சேர்வது உண்டு.