மானியம் குறைந்த பல்கலைக்கழகம்: கட்டண உயர்வு கடைசி வழியாகவே இருக்கட்டும்

ஐயா, வணக்கம். அரசு மானியம் குறைந்ததால் கட்டணத்தை உயர்த்துவதா, காலியாகும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதா என்று உங்கள் நிதிக்குழு தடுமாறுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் கடைசி வழிகளாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

பணி நியமனங்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால், வெட்டு எங்கே விழும் என்பதை யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்ற தற்செயலே தீர்மானிக்கும். முதலாண்டுக் கணிதம் நடத்துபவரின் இடம் காலியாகக் கிடந்தால், அதை நம்பியிருக்கும் பொறியியல், பொருளியல் மாணவர்களும் பின்தங்குவார்கள், ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேரும் மாணவருக்கோ அதுவே மறைமுகமான கட்டண உயர்வாகிவிடும். ஆகவே முதலில் பாடவாரியாகச் சேர்க்கை எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு பேர் மட்டுமே சேரும் விருப்பப் பாடங்களை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்தினாலே ஆசிரியர்களின் நேரம் மிஞ்சும். புதிய கட்டடங்களைத் தள்ளிப்போடலாம். ஒழுகும் ஆய்வகக் கூரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டணத்தை உயர்த்தியே தீர வேண்டுமென்றால், கூடுதல் வருவாயில் ஒரு பங்கை வறிய மாணவர்களின் உதவித்தொகைக்கென்று அதே தீர்மானத்திலேயே ஒதுக்குங்கள். ஆஸ்திரேலியா 1989இல் கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, படித்தவரின் வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகு வரி வழியாகச் செலுத்த இடமளித்தது. அது தனியொரு பல்கலைக்கழகத்தால் ஆகக்கூடியதன்று என்றாலும், பருவத் தொடக்கத்தில் மொத்தமாகக் கேட்காமல் மாதத் தவணையாகப் பெறுவதை நீங்கள் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.