பத்தமடைத் தறிக்கு 35-ஆ, 50-ஆ?

கேள்வி: பத்தமடையில் எங்கள் பெரியம்மா கோரைப் பாய் நெய்வதைப் படமெடுத்து வருகிறேன். என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 ஜூம் லென்ஸும் உள்ளன. ஒரே ஜன்னல் உள்ள அறை என்பதால், நெய்யும் கைகள் கலங்கிப் பதிகின்றன. ஜூம் இல்லாமல் ஒரே குவியத் தூரம் மட்டும் உள்ள ப்ரைம் லென்ஸ் வாங்க நினைக்கிறேன். கடைக்காரர் 50 மி.மீ. என்கிறார், தோழி 35 என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் தோழி சொன்னதே சரி. 50 மி.மீ. லென்ஸுக்கு ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயர் 36 மி.மீ. அகலமுள்ள பிலிம் காலத்தில் நிலைத்தது. உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ.தான் என்பதால், அதில் 50 மி.மீ. லென்ஸ் பிலிம் கேமராவின் 75 மி.மீ. லென்ஸைப் போல நெருக்கிக் காட்டும், 35 மி.மீ. லென்ஸ்தான் பழைய ஐம்பதின் பார்வையைத் தரும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள காட்சியை அடக்க 35-க்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் இடம் போதும். 50-க்கு மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். சிறிய அறையில் அதற்குள் சுவர் முதுகில் இடித்துவிடும்.

கைகள் கலங்குவதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. உங்கள் ஜூம் லென்ஸை 35-இல் வைத்தால், அதன் துளை சுமார் எஃப் 4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). எஃப் 1.8 அதைவிட ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், நொடியில் 20-இல் ஒரு பங்கில் எடுத்த படத்தை 125-இல் ஒரு பங்கில் எடுக்கலாம். ஜூம் லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். பெரியம்மாவின் விரல் வேகத்தை அதனால் நிறுத்த முடியாது. ஆனால் அரை மீட்டர் நெருக்கத்தில் விரல்களை எடுக்கும்போது எஃப் 1.8-இல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும் என்பதால், அங்கே துளையை எஃப் 4-க்கு மூடி, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) உயர்த்துங்கள். சற்றே புள்ளி தட்டிய படத்தை மன்னிக்கலாம், விரல் தெரியாத படத்தை மன்னிக்க முடியாது.

வாங்குமுன் உங்கள் ஜூமை ஒரு வாரம் 35-லேயே நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் 45-க்கும் 55-க்கும் நடுவில் வையுங்கள். அந்த அறையே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். கேட்டு வாங்க வேண்டியது ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. உங்கள் கேமராவுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் இல்லாததால், தமக்குள்ளும் மோட்டார் இல்லாத ‘டி’ வகைப் பழைய லென்ஸ்களை மலிவென்று வாங்கினால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டியிருக்கும். பழையது வாங்குவதானால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ்களில் அது எளிதில் பிடிக்கும்.

கேள்வி: கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களை எடுக்க, என் கேனான் 200டி கேமராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இதற்கென்று மட்டுமானால் வேண்டாம். உங்கள் கேமராவில் அது 80 மி.மீ. போலப் பார்க்கும், ஒற்றைச் சிற்பத்துக்கு அந்தப் பார்வை அழகுதான். ஆனால், தூணிலிருந்து முன்னே புடைத்து நிற்கும் வீரனின் முழங்கை முதல் முகம் வரை தெளிவாக விழ, எஃப் 8 வரை மூட வேண்டும். கல் அசையாது; கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டு முக்காலியை ஊன்றிவிட்டால், கையிலுள்ள 18-55 லென்ஸே அந்த வேலையைச் செய்யும்.